நான்கு பத்தியங்களும் ஒரு சீஸ் குச்சியும்

இங்கே டொரொன்டோவில் எங்கள் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் விரல் நீளச் சீஸ் குச்சிகள் எப்போதும் இருக்கும். உரித்தால் வாழைநார்போல இழையிழையாகப் பிரியும். சோற்றை அடியோடு விட்டுவிட்ட என் மகள் கலா, மாச்சத்து இல்லையென்று அதை மூன்று நான்காகத் தின்கிறாள். மருமகனுக்குக் கொழுப்பே பகை. அவருக்குக் கொழுப்புக் குறைத்த குச்சி, வேறு நிற உறையில். எனக்கு இரத்த அழுத்தம்; உப்பை முன்னிட்டு நாளுக்கு ஒன்றுதான். ஊரிலிருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். பனிக்காலம் முழுவதும் வெளியே இறங்க வழியற்ற நான், அதிகம் நிற்பது இந்தப் பெட்டியின் முன்தான்.

என் அளவை வகுத்தவர் மருத்துவமனையின் உணவு ஆலோசகர், இளம் வெள்ளைக்காரப் பெண். சீஸ் பிடிக்குமா என்று கேட்டார். என் மனைவிக்கு மிகவும் பிடிக்கும் என்றேன். "அப்படியானால் அவருக்கும் கொடுங்கள். ஒன்றால் ஒன்றும் ஆகிவிடாது" என்று சிரித்தார். நான் திருத்தவில்லை. நன்றி கூறி எழுந்துவிட்டேன்.

என் மனைவி பார்வதி இறந்து ஆறாண்டுகள் ஆகின்றன. தொண்ணூறுகளில் நான் இலங்கை மலையகத்தின் பண்டாரவளையில் பாடசாலை அதிபராக இருந்தேன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த அவள் சீஸை முதன்முதலில் சுவைத்தது என் வீட்டில்தான். வட்டப் பெட்டிக்குள் ஈயத்தாள் சுற்றிய முக்கோணத் துண்டுகள். தாளைக் கிழியாமல் உரித்து, நகத்தால் நீவி, புத்தகத்துக்குள் வைப்பாள். சிறுநீரகம் பழுதானபோது, பதுளை மருத்துவர் எழுதித் தந்த விலக்குப் பட்டியலில் சீஸும் இருந்தது. பட்டியலை அலுமாரிக் கதவில் ஒட்டினேன். விருந்தினருக்கென்று வாங்கிய சீஸ் பெட்டி அதே அலுமாரிக்குள் இருந்தது.

"என்னங்க, ஒரே ஒரு துண்டு. பாதியாச்சும் குடுங்க."

"பட்டியல்ல வேணாம்னு போட்டிருக்கே, பார்வதி."

"பட்டியலப் பாத்துத்தான் என்னையக் கட்டுனீங்களா?"

சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுபடி கேட்கவில்லை. பதினோராம் நாள் போய்விட்டாள்.

இவ்வாண்டு அவளுடைய திதி வெள்ளிக்கிழமையில் வந்தது. படையல் இலையில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. அவற்றின் அருகே ஒரு குச்சியை உறை நீக்கி வைத்தேன். கலா பார்த்துவிட்டாள்.

"அப்பா, இது ஆகாதுப்பா. கன்னுக்குட்டி வயித்துல எடுக்கிற சாமானப் போட்டுத்தான் பால உறைய வைக்கிறாங்க. உறையிலேயே போட்டிருக்கு. அம்மா வெள்ளிக்கிழமைன்னா முட்டையைக்கூடத் தொட மாட்டாங்களே."

"அவ ஒரு துண்டு கேட்டா, கலா."

"எப்ப?"

பார்வதியின் கடைசி நாட்களில் கலா இங்கே டொரொன்டோவில் இருந்தாள். அம்மா கேட்டதையும் நான் மறுத்ததையும் அவளுக்கு எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. கன்றின் செய்தி அன்று எனக்கும் தெரியாது, பார்வதிக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அவளே வேண்டாமென்றிருப்பாளோ என்னவோ. அவள் விருப்பத்தை மீறி மறுத்தவன், அவள் விரதத்தை மீறிக் கொடுப்பது எவ்வகையில் நியாயம்? குச்சியை எடுத்துவிட்டேன். குளிர்பெட்டியில் திரும்ப வைக்க மனம் இசையவில்லை, தின்னவும் இல்லை. மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, காக்கைக்கு வைக்கும் பிடிசோற்றுடன் பின்வாசலைத் திறந்தேன். பனியில் ஒரு காக்கையும் இல்லை. அழைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் அவளுக்குரிய சோறு குளிர்ந்துகொண்டிருந்தது. பைக்குள் அவள் கேட்டது என் உடற்சூட்டில் இளகிக்கொண்டிருந்தது.