மூன்றாம் வரியில் ஒரு கறுப்புக் கட்டை

அமாலியா வாசிப்பதில் பாட்டே இல்லை என்று குழாயடியில் பேசிக்கொள்வார்கள். வியன்னாவில் ஒட்டாக்ரிங் பக்கத்துக் குடித்தனங்களில் மாடிக்கு ஒரு பொதுக் குழாய். ஊர் வம்பு முழுக்க அங்கேதான் நிரம்பி வழியும். ஆனால் இந்தப் பேச்சு வம்பில்லை, உண்மை. சலவைக்கூடத்தில் சட்டைக் காலர் தேய்க்கும் அமாலியாவுக்குப் பியானோவின் இடப்பக்கத்துக் கட்டைகள் மட்டும்தான் தெரியும். தினமும் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து தும்-தா-தா, தும்-தா-தா என்று தாளத்தை வாசிப்பாள். பாட்டு வலப்பக்கத்திலிருந்து வர வேண்டும். அங்கே நாற்காலி காலியாக இருக்கும்.

"மாப்பிள்ளை இல்லாம ஊர்வலம் போகுது பாரு" என்பாள் கட்டடக் காவல்காரி நவ்ராட்டில். அவள் வாய்க்கு யாரும் பூட்டுப் போட்டதில்லை.

அந்த நாற்காலி ரேசியுடையது. ஒரே மகள். எட்டு வயதில் அவளுக்குத் திக்குவாய். ரொட்டி கேட்க மூன்று நிமிஷம் ஆகும், பள்ளிக்கூடத்தில் கேலி தாங்காமல் வாயே திறக்க மாட்டாள். பியானோ படிக்க வையுங்கள், எண்ணிக்கொண்டே வாசிக்கும் பிள்ளைக்குப் பேச்சும் ஒழுங்குக்கு வரலாம் என்று யாரோ சொன்னார்கள். சலவைக்கூடத்து முதலாளியம்மா வீடு மாறியபோது கழித்துப் போட்ட பழைய பியானோ வந்து சேர்ந்தது. எதிர்த் தெருவில் காட்ஸ்மையர் டீச்சர் இருந்தார்.

ரேசி தனியாக உட்கார மாட்டேன் என்று அழுதாள். டீச்சர் அமாலியாவைப் பார்த்து, "நீங்களும் கத்துக்குங்க. ரெண்டு பேர் சேர்ந்து வாசிக்கிற பாட்டு நிறைய இருக்கு. பாட்டு அவளுக்கு, தாளம் உங்களுக்கு" என்றார்.

"எனக்கா? முப்பத்தெட்டு வயசாச்சு டீச்சர். வெந்நீர்ல வெந்த கை இது."

"கைதானே வெந்துச்சு, காது வேகலையே!"

ஒரு வருஷத்தில் ரேசி, ஒண்ணு-ரெண்டு-மூணு என்று தடங்கலில்லாமல் எண்ணினாள். இரண்டாம் வருஷம் நவ்ராட்டிலையே எதிர்த்துப் பேசினாள். அன்று அமாலியா மகளை அதட்டிவிட்டு உள்ளே போய்ச் சந்தோஷத்தில் அழுதாள். அவளுக்கும் காலையில் மடங்காத விரல்கள் மடங்கத் தொடங்கின. பகலெல்லாம் காலரைத் தவிர வேறெதையும் நினைக்காத தலைக்குள் இப்போது பாட்டும் ஓடியது. நாற்பது வயதில் புதிதாக ஒன்று கைவந்தால் அந்தக் கர்வமே தனி.

அவர்கள் அதிகம் வாசித்தது ஒரு கிராமத்து நடனப் பாட்டு. அதன் மூன்றாம் வரியில் ஒரு கறுப்புக் கட்டையை அழுத்த வேண்டும். ரேசி தவறாமல் பக்கத்து வெள்ளையை அழுத்துவாள். "கறுப்பு, ரேசி, கறுப்பு!" என்று அமாலியா கத்துவாள். ரேசி சிரிப்பாள். ஏழு வருஷமும் இதே கூத்துதான்.

அப்பன் வென்ட்ஸெல் கொத்தனார். வேலை முடிந்து வந்தால் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படிப்பான். நன்றாயிருக்கிறது என்றோ போதும் என்றோ ஒரு வார்த்தை வந்ததில்லை.

பதினைந்தாம் வயதில், ஒரு மார்ச் மாதம், நுரையீரல் காய்ச்சல் ரேசியைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்த எட்டாம் நாள் வென்ட்ஸெல் நாலு ஆட்களோடு வந்தான், பியானோவைத் தூக்க.

அமாலியா குறுக்கே நின்றாள். "முதல்ல என்னைத் தூக்கிட்டுப் போங்கடா!"

"கண்ணுல படாம இருந்தா உனக்கு நல்லதுன்னு..." என்று இழுத்தான் அவன்.

"உனக்கு என்ன தெரியும்? ஏழு வருஷத்துல ஒரு நாளாவது அவ வாசிக்கிறதக் கேட்டிருக்கியா நீ?"

ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள். பியானோ வீட்டில் நின்றது, பேச்சு நின்றுபோனது. அப்புறம் மூன்று வருஷம் அந்த வீட்டில் சூப், உப்பு, கதவு என்பதற்கு மேல் வார்த்தை கிடையாது. மகளைப் பறிகொடுத்த துக்கம் இருவருக்கும் ஒன்றுதான். அதை ஆளுக்கொரு மூலையில் வைத்துக் காத்தார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பிடிவாதத்துக்கு இரண்டு பேரையும் திட்டலாம்.

லின்ஸ் நகரத்து அக்கா, இங்கே வந்துவிடு என்று எழுதிக்கொண்டே இருந்தாள். இந்த வருஷம் அமாலியா சரியென்று எழுதிவிட்டாள். நவம்பரில் கல்லறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டுக் கிளம்புவது, பியானோவை எடுத்துப்போகப் பிறகு வண்டி வரும்.

இதற்கிடையில் வென்ட்ஸெல் வியாழக்கிழமைதோறும் தாமதமாக வந்தான். சுண்ணாம்பு போகக் கை கழுவியிருந்தான், நகம் வெட்டியிருந்தான்.

"அமாலியாம்மா, கொத்தனாரு நகத்த வெட்டறாருன்னா எங்கயோ விதவை இருக்கான்னு அர்த்தம்" என்றாள் நவ்ராட்டில்.

"இருந்தா இருக்கட்டும். கஞ்சி ஊத்த ஒருத்தி வேணுமில்ல" என்று அமாலியா வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வலிக்காமல் இல்லை.

கல்லறையிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, "நாளைக்கு நான் லின்ஸுக்குப் போறேன்" என்றாள். அவன் "சரி" என்றான். அவ்வளவுதான்.

ஆறு மணிக்குக் கடைசி முறையாக உட்கார்ந்தாள். தும்-தா-தா என்று தொடங்கி நாலு தட்டுகூட ஆகவில்லை, பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. வென்ட்ஸெல் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு அதில் உட்கார்ந்திருந்தான். செங்கல் பிடித்துத் தடித்த விரல்களைக் கட்டைமேல் வைத்தான். அமாலியாவுக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. எழுந்திரு என்று சொல்லுமுன் அவன் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

அந்த நடனப் பாட்டு. தட்டுத் தடுமாறித்தான் வந்தது, ஆனால் வந்தது. அவள் கைகள் அவளைக் கேட்காமலே தாளத்தைப் பிடித்தன. முதல் வரி, இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் அவன் கறுப்புக் கட்டையை விட்டுப் பக்கத்து வெள்ளையை அழுத்தினான்.

"கறுப்பு!" என்று கத்தினாள் அமாலியா. "கறுப்பு, ரே..."

மீதி வரவில்லை.

வென்ட்ஸெல் கட்டைகளைப் பார்த்தபடியே பேசினான். "ஆறு மாசமா வியாழக்கிழமை வியாழக்கிழமை டீச்சர்கிட்டப் போறேன். அவங்களும் அந்த இடத்தத் திருத்தித் திருத்திப் பாத்தாங்க. நான்தான் மாட்டேன்னுட்டேன். ஏழு வருஷம் அடுக்களையில உக்காந்து கேட்டது அப்படித்தானே."

"நீ பேப்பர் படிச்சிட்டிருந்த..."

"நான் பக்கத்தத் திருப்பினத ஒரு தடவையாச்சும் பாத்தியா?"

அவள் பார்த்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவன்மேல் வீசிய கேள்வி திரும்பி வந்து அவளையே தாக்கியது. கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான், மூன்று வருஷப் பாக்கி.

வெளியே குழாயடியில் தண்ணீர் நின்று, நவ்ராட்டில் வாயடைத்து நிற்பது தெரிந்தது.

"முதல்லேர்ந்து வாசி" என்றாள் அமாலியா மூக்கைச் சிந்திக்கொண்டு. "எண்ணிக்கிட்டே வாசி, ஓடாதே."

வாசித்தார்கள். மூன்றாம் வரி வந்தது. அவன் வெள்ளைக் கட்டையையே அழுத்தினான். அமாலியா இந்த முறை திருத்தவில்லை.