தங்கைக்கு ஒரு மூளைச் சான்றிதழ்

இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அம்மா கேட்ட அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நீதான் அந்த மெசின் இருக்கிற எடத்துல வேல செய்றியே. தங்கச்சிய ஒருநாளு கூட்டிட்டுப் போயி மண்டைய ஸ்கேன் எடுத்துப் பாரு. எல்லாம் நல்லா இருக்குன்னு உங்க டாக்டர்கிட்ட ஒரு கடுதாசி வாங்கிட்டு வந்திரு. மாப்பிள்ள வீட்டுல கேட்டா காட்டிப்புடலாம்."

வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார், பசாரிலிருந்து கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வதைப் போல.

"அம்மா, அது ஆராய்ச்சிக்கு எடுக்கிற ஸ்கேன். ஜாதகம் மாதிரி பொருத்தம் பாக்கிறதுக்கு இல்ல."

"ஜாதகம் எழுதுறவன் பொய் சொல்லுவான். மெசின் சொல்லுமா?"

எங்கள் வீட்டில் படிப்பென்று படித்தவன் நான் ஒருவன்தான். அம்மா ஆரம்பப் பள்ளியைப் பாதியில் விட்டவர். இறந்துபோன அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அதனால் வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். சலவை இயந்திரம் நின்றுபோனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்ததிலிருந்து அம்மா கணக்கில் நான் பாதி டாக்டர்.

நான் வேலை செய்வது மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வில். கிளினிக் அட்டையில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதுகிறார்களே, அதுதான். அந்த நோய் உள்ளவர்களின் மூளையில் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் உள்ள தொடர்பு எப்படி இருக்கிறது, நோய் இல்லாதவர்களிடம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். என் வேலை பெரியதொன்றும் இல்லை. வருகிறவர்களுக்குக் காதடைப்பான் கொடுத்து, நகை, பெல்ட்டு எல்லாம் கழற்றச் சொல்லி, "தலைய மட்டும் அசைக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. அசைத்துவிட்டால் எடுத்த படம் வீண்.

இந்த வேலைக்கு நான் ஏன் விண்ணப்பித்தேன் என்று யாரும் கேட்டதில்லை. என் அண்ணனுக்கு இருப்பது அந்த நோய்தான்.

அண்ணன் இங்கே பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே தன்னைப் பற்றி யாரோ பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார். பிறகு வீட்டிலும் கேட்டது. சாப்பாட்டில் எதையோ கலக்கிறோம் என்று நாங்கள் கொடுத்ததைத் தொடாமல் இருந்தார். கோயிலுக்குப் போனோம், மந்திரிக்கப் போனோம், கடைசியில்தான் மருத்துவமனைக்குப் போனோம். இப்போது மாதம் ஒரு ஊசி. லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் காலை நேரத்தில் மசாலா பொட்டலம் கட்டுகிறார். பேச்சுக்குரல் இன்னும் சில நாள் கேட்கும். "கேக்குது, ஆனா நான் பதில் சொல்றதில்ல" என்பார்.

தங்கைக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் வந்து போயிருந்தது, ஈப்போவிலிருந்து. அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று அண்ணனைக் கூலிமில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மூத்த பையன் எங்கே என்று கேட்டார்கள். வேலை என்றார் அம்மா. யார் போய் என்ன சொன்னார்களோ, அதன்பிறகு அவர்களிடமிருந்து போன் வரவே இல்லை. இப்போது பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையிலிருந்து இன்னொரு வீடு. பையனைத் தங்கைக்குப் பிடித்திருந்தது. போனில் பேசுகிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாததுபோல அம்மாவும் இருந்தார், நாங்களும் இருந்தோம். இதுவும் கைநழுவிப்போனால் தங்கை இனி யார் முன்னாலும் சேலை கட்டிக்கொண்டு வந்து நிற்க மாட்டாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தில்தான் அம்மா ஸ்கேனைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குப் புரியவைக்க நான் பாடுபட்டேன்.

"தைப்பூசத்தன்னிக்கு ஆகாயத்துல நின்னு பினாங்கைப் பாக்கிற மாதிரிம்மா. தண்ணீர்மலை ரோட்டுல கூட்டம் ஏறும்போது வேற எந்த ரோட்டுல சேர்ந்து ஏறுது, எதுல எறங்குது, அதத்தான் பாக்கிறோம். சேர்ந்து ஏறி எறங்கினா அந்த ரெண்டு ரோட்டுக்கும் தொடர்பு இருக்குன்னு அர்த்தம். நெறைய பேரச் சேர்த்து வச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும். ஒரு ஆளத் தனியா வச்சுக்கிட்டு, உனக்கு இருக்கு, உனக்கு இல்லன்னு சொல்லவே முடியாது."

அம்மா யோசித்தார். "சரி லா. தங்கச்சி மண்டையில எந்த ரோட்டுல கூட்டம்னு மட்டும் பாத்துச் சொல்லேன்."

மறுநாள் எங்கள் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அந்தச் சீன அம்மையார் சிரித்துவிட்டு, மாநாடுகளிலும் இதையேதான் கேட்கிறார்கள், இன்னும் கொஞ்சம் நீளமாகக் கேட்கிறார்கள் என்றார்.

அம்மாவை நான் கேலி செய்யவில்லை. நானும் அதையே தேடிப் பார்த்தவன்தான். இயந்திரத்தைச் சரிபார்ப்பதற்காக வேலையாட்களையே உள்ளே படுக்கவைத்து எடுப்பது எங்கள் இடத்தில் வழக்கம். என்னையும் எடுத்தார்கள். அண்ணனுக்கு நோய் தொடங்கிய வயதை நான் அப்போதுதான் எட்டியிருந்தேன். திரையில் சிவப்பும் நீலமுமாகக் கட்டம் கட்டமாக வந்த என் படத்தை, எல்லாரும் சாப்பிடப் போனபிறகு உட்கார்ந்து பார்த்தேன். பெயரில்லாத மற்றப் படங்களோடு அதைக் கலந்துவிட்டால் எனக்கே திரும்ப எடுக்கத் தெரியாது என்று தெரிந்துகொள்ள எனக்கு அந்தச் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஆயிற்று. பிறகு பசித்தது. கீழே போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிறைக்காரர்கள் வரும் நாள் நெருங்கியது. அண்ணனே பேச்சை எடுத்தார்.

"இந்தத் தடவ என்னை எங்க அனுப்புறீங்க? கூலிம்னா இப்பவே சொல்லுங்க. சித்தி வீட்டு நாயி என்னைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் எங்கயும் போகல. அண்ணன் போனா நானும் கூலிம் போறேன். மாப்பிள்ளைக்கு நீங்களே தேத்தண்ணி கலக்கிக் குடுங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பையனும் அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நான் ஒரு சிறிய சொற்பொழிவே தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு முன்னால் அண்ணன் தட்டில் தேநீர் கொண்டுவந்தார். மருந்தினால் அவருக்குக் கை நடுங்கும். கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. பையனின் அம்மா தட்டைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"மருந்து எடுத்தா கை இப்படித்தான் ஆடும்" என்றார் அண்ணன். "சீனி எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கேன்."

"என்ன மருந்துப்பா?"

"மண்டைக்கு. ஸ்கிசோஃப்ரினியா. மாசம் ஒரு ஊசி."

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது மூளையில ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும்" என்று ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும் தம்பி" என்றார் பையனின் அப்பா. "ஊசி போட யாரு கூட்டிட்டுப் போறா?"

"நான்தான் மாமா" என்றாள் தங்கை. "அரநாள் லீவு போட்டுட்டு."

"அப்ப கல்யாணத்துக்கு அப்பறம்?"

எங்களில் யாரும் அதை யோசித்திருக்கவில்லை. அண்ணனை எங்கே ஒளிப்பது என்று யோசித்தோம், ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசித்தோம். ஊசிக்கு யார் கூட்டிப் போவார் என்று யோசிக்கவில்லை. அம்மா அவசரமாக, "அவ வரமாட்டா, நாங்களே பாத்துக்குவோம், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்றார்.

"நான் வருவேன்" என்றாள் தங்கை. குரல் சன்னமாகத்தான் வந்தது. "பாலம் தாண்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டு வருவேன். அத இப்பவே சொல்லிடுறேன்."

பையனின் அப்பா தன் மகனைப் பார்த்தார். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது. "இதப் பத்தி எனக்கு முன்னாடியே தெரியும்பா. சொல்லிட்டாங்க" என்றான். "எனக்கு ஷிப்டு வேல. பகல்ல ஓய்வு இருக்கிற நாளு நானே கூட்டிட்டுப் போவேன்."

என் அம்மா தங்கையைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, வேறு என்னவோவும் இருந்தது. நாங்கள் மறைத்துக் காப்பாற்ற நினைத்ததை அவள் எப்போதோ போனில் சொல்லி முடித்திருக்கிறாள்.

பையனின் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவங்க. உள்ளதச் சொல்லுங்க தம்பி. நாளைக்கு இவங்களுக்குப் பொறக்கிற புள்ளைக்கு வருமா?"

நான் தயார் செய்த சொற்பொழிவில் இந்தக் கேள்விக்கு அழகான பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"மத்தவங்களவிட கொஞ்சம் கூட வாய்ப்பு இருக்கும்மா. ஆனா வராமப் போறதுக்குத்தான் ரொம்ப ரொம்ப அதிக வாய்ப்பு. இன்னாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ற ஸ்கேன் இன்னிக்கு ஒலகத்துல எங்கயும் இல்ல. எனக்கு வராதுன்னு சொல்லக்கூட என்னால முடியாது."

அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். "எங்க பக்கம் எல்லாருக்கும் இனிப்புநீர் வியாதி" என்றார். "இவருக்கு ஒரு கால் வெரல எடுத்தாச்சு. நாங்களும் அதச் சொல்லிடணும் இல்ல." சொல்லிக்கொண்டே, கேசரிப் பக்கம் நீண்ட தன் கணவரின் கையைத் தட்டிவிட்டார். அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

கிளம்பும் நேரத்தில் பையனின் அம்மா, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தோம். கையில ஒண்ணும் கொண்டாரல. வீட்டுல பூ இருக்கா? வச்சு விட்டுட்டுப் போறேன்" என்றார்.

தலையில் பூ வைத்துவிட்டால் பெண்ணை எடுத்துக்கொண்டதாக அர்த்தம். அம்மா பூ வாங்கி வைத்திருக்கவில்லை. போனமுறை வாங்கிய மல்லிகை குளிர்பெட்டியில் பழுப்பேறிக் கிடந்ததை அவரேதான் எடுத்து எறிந்திருந்தார். இந்தமுறை வாங்க மனம் வரவில்லை போலும்.

"நான் வாங்கிட்டு வரேன். எங்க கடைக்குப் பக்கத்துலதான் விக்கிறாங்க" என்று அண்ணன் எழுந்தார்.

பையனும் எழுந்தான். "நானும் வரேன். காடி கீழதான் நிக்குது."

"காடிய எடுத்துட்டுப் போனா ஞாயித்துக்கெழம நிறுத்த எடம் கெடைக்காது லா. நடந்தே போயிடலாம்."

போனவர்கள் சீக்கிரம் வரவில்லை. அம்மா வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். வழியில் அண்ணனுக்குக் குரல் கேட்டால், அந்தப் பையன் பயந்துவிட்டால் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன். மாடி நடைபாதையில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் இரண்டு பேரும் மெதுவாக வந்தார்கள், பேசிக்கொண்டே வந்தார்கள். பையன் கையில் பெரிய பை.

"ஏன் இவ்வளவு பூ?" என்றார் அம்மா.

"மச்சான் பேரமே பேசல அத்தை" என்றான் பையன். "பூக்கார அக்காகிட்ட, கடையில எல்லார்கிட்டயும் என்னைக் காட்டி, தங்கச்சி மாப்பிள்ள, தங்கச்சி மாப்பிள்ளன்னு சொல்லிக்கிட்டே வந்தாரு. அவங்க சும்மா சும்மா அள்ளிப் போட்டாங்க."

பூ வைத்தார்கள். தேதி பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். காடி திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தபோது, அம்மா அடுக்களையில் நின்றபடியே தட்டில் மிஞ்சியிருந்த கேசரியை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் பசியாறவே இல்லை. "உக்காந்து சாப்பிடும்மா" என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்கார்ந்தார்.