கடைசியில் ஒரு அப்பாடா

என் அத்தான் பஸ் டிரைவர். ஹாரன் அடிக்கவே மாட்டார்; ஊதுவதையெல்லாம் சாயங்காலத்துக்குச் சேர்த்து வைக்கிறார் என்று கிண்டல் செய்வேன். எங்கள் ஐந்து பேர் ஜாஸ் குழுவில் அவர் சாக்ஸபோன், நான் டிரம்ஸ். அவர் வாசிப்பை அக்கா ஒரு நாளும் முழுசாகக் கேட்டதில்லை.

"எப்ப முடியும்னே தெரியாத பாட்டை உக்காந்து கேக்க எனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள்.

எத்தனை பேர் கைதட்டினாலும் அத்தானுக்கு அந்த ஒரு ஆள் குறைதான். அதனால் ஆல்பம் போடுவதென்று முடிவானதும் மனிதர் துள்ளிக் குதித்தார். இசைத்தட்டு வந்துவிட்டால் வீட்டிலேயே அவளைப் பிடித்து உட்கார வைத்துவிடலாமே!

ஸ்டுடியோவில் ஐந்து பேரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தோம். கடைசிப் பாட்டு அத்தானின் தனி வாசிப்போடு முடியும். எதற்கும் மசியாத எனக்கே கண் கலங்கிவிட்டது. அவர் நிறுத்தினார். என் டிரம்ஸின் சிம்பல் தட்டு மட்டும் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த அமைதியில் கணீரென்று ஒரு "அப்பாடா!"

அத்தானேதான். வாசித்து முடித்ததும் அப்படிச் சொல்வது அவர் பழக்கம்; மேடையில் கைதட்டலில் அமுங்கிப்போவது, இங்கே மானத்தை வாங்கியது.

"ரெக்கார்டிங் விளக்கு அணையற வரைக்கும் வாயை எடுக்காதீங்க சார்" என்றார் ஒலிப்பதிவாளர்.

மறுபடி வாசித்தோம். அத்தான் வாயை எடுக்கவில்லை. அப்பாடா சாக்ஸபோனுக்குள்ளேயே போய், கழுத்தைப் பிடித்த வாத்து கத்துவது போல வெளியே வந்தது. அடுத்த முறை, எங்கே வாய் தவறுமோ என்று பயந்து பயந்தே ஊதினார். வாசிப்பு சவசவவென்று இருந்தது.

"முதல்ல வாசிச்சதையே வச்சுக்கிட்டு, அந்த அப்பாடாவை வெட்டிடலாம். கூடவே அந்த சிம்பல் அதிர்வும் போயிடும்" என்றார் ஒலிப்பதிவாளர்.

"என் சிம்பல்ல கை வச்சா தெரியும் சேதி!" என்று எகிறினேன். அத்தான் மேலுள்ள பாசத்தால் அல்ல, அவ்வளவு நல்லவன் இல்லை நான். அப்பாடா தப்பித்தது.

"போச்சு மச்சான்! இனி காலம் பூரா உங்கக்கா இதையே சொல்லிச் சிரிப்பா" என்று அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இசைத்தட்டு வந்த அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா துணி மடித்தபடியே கேட்டாள். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கடைசிப் பாட்டு முடிந்தது. அப்பாடாவும் வந்தது. அவள் கை நின்றது.

"இது நீங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து உக்காந்ததும் சொல்றதாச்சே?"

"ஆமா."

"அலுப்புல சொல்றீங்கன்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சேன்! பஸ்ஸை நிறுத்தும்போதும் சொல்வீங்களா?"

"அங்க எதுக்கு? அங்க 'ஒழிஞ்சுது சனியன்'னுதான் சொல்வேன்."

அக்கா சிரிக்கவில்லை. துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பாட்டை மறுபடி போடுங்க."

"முடிவு மட்டுமா?"

"முதல்லேர்ந்தே போடுங்க. எனக்கு வேற என்ன வேலை?"