கிள்ளான் மழைக்கு நான் பொறுப்பு

மழை வருமா வராதா என்று ஃபேஸ்புக்கில் ஊருக்குச் சொல்கிற வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. வந்தாலும் வராவிட்டாலும் ஏச்சு மட்டும் தவறாமல் உண்டு. பகலில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அச்சகம் ஒன்றில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவன் நான். வீடு கிள்ளானில். ஒரு நாள் பால்கனியில் நின்று கருமேகத்தைப் படம் பிடித்துப் போட்டேன், அவ்வளவுதான். இன்று ஊரில் பாதிப் பேர் என் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இன்னிக்கு மழை வராது" என்று ஒரே ஒரு முறை எழுதி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

தூக்கலாமா?

எல்லாரையும் சிரித்துச் சமாளித்துவிடலாம். என் பக்கத்தை நம்பியிருக்கும் சரோஜா அக்காவிடம் மட்டும் அது நடக்காது. ஆற்றோரத்துத் தாழ்வான தாமான் குடியிருப்பு ஒன்றில் அவர் வீடு. கணவர் முனியாண்டி அங்கிளுக்குப் பக்கவாதம் வந்து கால்கள் செயலிழந்துவிட்டன, கட்டில் கீழே ஹாலில். போன வெள்ளத்தில் தண்ணீர் சட்டென்று புகுந்துவிட, அங்கிளைச் சாப்பாட்டு மேசைமேல் உட்காரவைத்து, படகு வரும்வரை அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது முன்கூட்டியே மாடிக்கு ஏற்றிவிட வேண்டும் என்று இருக்கிறார். அங்கிளோ ஆஜானுபாகு. தூக்க நாலு பேர் வேண்டும். அக்கம்பக்கத்தாரைச் சும்மா சும்மா கூப்பிட்டால், நிஜமாகவே வேண்டும்போது வருவார்களா? அதனால் வானம் இருட்டும்போதெல்லாம், "தூக்கலாமா தம்பி?" என்று எனக்கு மெசேஜ் வரும். "வேண்டாம் அக்கா" என்றே வெகுநாள் சொல்லிவந்தேன், அதுவும் நல்லவேளையாகச் சரியாகவே இருந்தது. ஒரு நாள் பாசார் சந்தையில் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தூக்கணும்னா கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க. உங்க அங்கிள மறுபடி அந்த மேசைமேல பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

எங்கே மழை?

நான் ஒருவன் எத்தனை வானத்தைத்தான் பார்ப்பது? "உங்கள் பகுதியில் மழை என்றால் எழுதுங்கள்" என்று கேட்டேன். எழுதினார்கள். "மழை!" "செம மழை!" "இங்க ஊத்துது boss!" எங்கே என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எங்கோ இருக்கிற செலாயாங்கில் பெய்தாலும் மழைதான், கம்போங் மேடானில் பெய்தாலும் மழைதான்; ஆற்றுக்கு எந்தத் தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்தால்தானே அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியும்?

ஒருவரை விடாமல் துரத்தி, "எங்கே அண்ணே, எங்கே?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே பதில் வந்தது. "என் வீட்டுக்கு முன்னாலதான் லா. நான் வேற எங்க போய் நின்னு பாக்கறது?"

உங்க ஊர் மழை

விடிகாலையில் கடல் பக்கமிருந்து கிளம்பும் காற்றும் மழையும் முதலில் கிள்ளானில் அடிக்கும். பிறகு டிக்கெட் எடுத்த மாதிரி சுபாங் ஜெயா வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும். ஒரு காலை, "கிள்ளானில் பேய்மழை, கோலாலம்பூர்க்காரர்கள் ஜாக்கிரதை" என்று போட்டுவிட்டு ரயிலேறினேன்.

அச்சக வாசலில் என் சக ஊழியர் குமார் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நின்றார். என் பதிவுக்கு முதல் லைக் போட்டவரே அவர்தான். பிறகு ஏன் மழைக்கோட்டு இல்லாமல் மோட்டார் சைக்கிளில் வந்தீர்கள் என்றேன். "அது உங்க ஊரு மழைன்னு நெனச்சேன் லா."

வெங்காயமும் நானும்

வீட்டு முன்னால் கூடாரம் போட்டு மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தார் ஓர் ஆன்டி. மாலையில் மழை நிச்சயம் என்று நான் எழுதியிருந்தேன். ஆன்டி கூடாரத்தின் மூலைகளில் ஈர்க்குச்சியை நட்டு, அதில் வெங்காயமும் காய்ந்த மிளகாயும் குத்திவைத்தார். மழை வராமலிருக்க இங்கே மலாய்க்காரர்களும் நம்மவர்களும் சேர்ந்து நம்பும் வைத்தியம். ஒரு தூறல்கூட விழவில்லை.

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆன்டி பெரிய மனசுக்காரர். "உங்க போஸ்ட்ட பாத்துப் பயந்துதான் தம்பி வெங்காயத்த பெருசா பாத்துக் குத்துனேன். பாதிப் புண்ணியம் உங்களுக்கு."

தூக்குங்க அக்கா

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கடல் ஏற்றம் அதிகம் உள்ள நாள். ஆறு வரும் வழியில், மேலே ஷா ஆலம் பக்கம் வானம் கறுத்துப் போய்க் கொட்ட ஆரம்பித்தது. கடல் ஏறியிருக்கும்போது மேலிருந்தும் தண்ணீர் வந்தால், ஆறு எங்கே போகும்? மெசேஜுக்குக் காத்திருக்காமல் நானே போன் செய்து, "தூக்குங்க அக்கா" என்றேன்.

மழை ஊற்றியது. தாமான் சாக்கடை விளிம்புவரை ஏறிய படத்தை அக்கா அனுப்பினார். அப்புறம் மழை விட்டது, கடலும் இறங்கியது. தண்ணீர் ஒரு வாசற்படியைக்கூடத் தொடவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நிமிடமே அங்கிளைத் தூக்கிய நாலு பேரின் முதுகெலும்பு ஞாபகம் வர, மன்னிப்புக் கேட்க அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

மாடியில் ஒரே சத்தம். ஈரச் சட்டையோடு பக்கத்து வீட்டு பாக் டின், எதிர்வீட்டு ஆ செங், இன்னும் இருவர். ஆளுக்கொரு கோப்பை தே தாரேக் தேநீர். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முனியாண்டி அங்கிள். பக்கவாதம் வந்த பிறகு அவர் மாடி ஏறியது அன்றுதானாம். தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் அக்கா. "தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அங்கிள் ஜன்னலிலிருந்து திரும்பினார். சிரிப்பு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது, ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. "தண்ணி வரலன்னா எதுக்கு தம்பி மன்னிப்பு? நாளைக்கும் மழை இருக்கு, யாரையும் கீழ இறக்காதீங்கன்னு ஒரு போஸ்ட் போட்டுவிடுங்க லா."

தப்பாகச் சொல்லிவிட்டு இத்தனை நிம்மதியாக வீடு திரும்பும் உத்தியோகம் உலகத்தில் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள், அதற்கும் விண்ணப்பம் போட்டுவைக்கிறேன்.