காதர் மைதீனின் தழும்பு எந்தப் பக்கம்?

2009 ஆடியில் நான் மண்டபம் போனது கடல் பார்க்க அல்ல. ஒருவருடைய தலையைப் பார்க்க.

சங்கு குளிப்பவர்கள் பன்னிரண்டு பேரின் மூளையை மதுரையில் ஸ்கேன் செய்திருந்தோம். அவர்களைத் தேடி அழைத்து வந்தவன் நான். முதல் கட்டுரையில் பேராசிரியர் என் பெயரை விட்டுவிட்டார். இரண்டு வருடம் சண்டை போட்டு இரண்டாவதில் இடம் வாங்கினேன். அந்தக் கட்டுரை நான் மண்டபம் போன அன்று மாலை ஐந்து மணிக்கு ஆய்விதழுக்குப் போக வேண்டும்.

முந்தைய நாள்தான் சந்தேகம் வந்தது. ஒரு மென்பொருளில் எடுத்த மூளையின் மேற்பரப்பு வடிவங்களை இன்னொன்றுக்கு மாற்றி, ஒரே அச்சில் பொருத்திச் சராசரி பார்த்திருந்தார்கள். சங்கு குளிப்பவர்களுக்கு மூளையின் இடப்பக்கம் தடிப்பு அதிகம் என்பது அதிலிருந்து வந்த முடிவு. ஒன்று வலமிருந்து இடமாக எண்ணும். மற்றது இடமிருந்து வலமாக. அதைச் சொல்லாமல் மாற்றினால் மூளை கண்ணாடியில் தெரிவதுபோல் புரண்டுவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இதற்காகவே ஸ்கேனின்போது வலது நெற்றிப்பொட்டில் மீனெண்ணெய் மாத்திரை ஒன்றை ஒட்டுவோம். படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் பரப்பை மட்டும் பிரிக்கும்போது தோலோடு அதுவும் போய்விடும். மூலப் படங்கள் பேராசிரியரின் அலமாரியில். கேட்டால், "ஸ்டூடண்ட் செக் பண்ணிட்டார்" என்றார்.

மாற்றிய படங்களில் ஒரே ஒரு மூளையில் இடப்பக்கம் பள்ளம் இருந்தது. காதர் மைதீனுடையது. படகில் பாய் கட்டும் பருமல் விழுந்து மண்டை உடைந்த பழைய காயம். எந்தப் பக்கம் என்று யாரும் குறிக்கவில்லை. அவர் கைப்பேசியும் எடுக்கவில்லை.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறரைக்குப் பேருந்து. மண்டபம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ராமநாதபுரத்தில் அரைமணி நிறுத்திவிட்டார்கள். எப்போது எடுப்பீர்கள் என்றேன். "கடல் எங்கயும் போயிராது சார், டீயக் குடிங்க" என்றார் ஓட்டுநர்.

பதினொன்றுக்கு இறங்கினேன். காற்று மணலை வாரி அடித்தது. காதரின் படகு திரும்பவில்லை. கரையில் நின்ற அவர் மனைவி ஆமினா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னைக்கு இவுக மூளைய படம் பிடிச்சீக. இப்ப தலை இருக்கான்னு பாக்க வாரீகளா?"

"எப்ப வருவார்?"

"காத்து விட்டா வருவாக. எனக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டுத்தான் கிடக்கு."

நானும் அவரோடு கரையில் நின்றேன். படகு இரண்டரைக்கு வந்தது. காதர் துண்டை அவிழ்த்துக் குனிந்தார்.

"இங்கன, தொட்டுப் பாருங்க சார்."

வலது காதுக்கு மேல் என் விரல்நுனி பள்ளத்தில் இறங்கியது.

அங்கிருந்தே பேராசிரியரை அழைத்தேன். "எல்லாம் புரண்டிருக்கு சார். இடப்பக்கம் தடிப்புன்னு எழுதியிருக்கோம். அது வலப்பக்கம்."

"இப்ப போகட்டும், அப்புறம் திருத்திக்கலாம். உங்க பேர் மூணாவதா இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க."

"அந்தப் பேர எடுத்துருங்க" என்றேன்.

மண்டபம் போகிறவர்கள் ஆடிக்காற்றில் படகு நேரத்தை நம்ப வேண்டாம். ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். மூளைப் பரப்புகளை மென்பொருள் மாற்றுகிறவர்கள், பக்கம் உறுதியாகத் தெரிந்த ஒரு மூளையை முதலில் மாற்றிப் பாருங்கள்.

கட்டுரை திருத்தாமலே ஐந்து மணிக்குப் போய்விட்டது. மூன்றாவது இடத்தில் இப்போது இருப்பது, "செக் பண்ணிட்டார்" என்ற அந்த மாணவரின் பெயர்.