அம்மா உட்கார்ந்து பார்த்த பலகை

எனக்கு எட்டு வயதில் நாங்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டுப் புதுவீட்டுக்குக் குடிபோனோம். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்களுக்குக் கிடைத்த துண்டுக் காணியில் கட்டிய வீடு. வேலை முடிகிற சமயத்தில், சுவரின் அடியில் தரையை ஒட்டிப் பலகை அடிக்க வேண்டும் என்றார் அம்மா.

"இல்லாட்டி சுவரு விழுந்துருமா?" என்று கேட்டார் அப்பா.

"தரைக்கு செவப்பு பாலிஷ் போடுறப்ப வெள்ளச் சுவரெல்லாம் செவப்பாயிரும்ல?"

மறுநாள் மூவரும் பதுளைக்குப் பஸ் ஏறினோம்.

மரக்கடை முதலாளி வரிசையாகப் பலகைகளை எடுத்துச் சுவரில் சாத்தினார். முதல் பலகையிலேயே அப்பா, "இது போதும்" என்று கடமையை முடித்துக்கொண்டார். அம்மாவோ செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று.

"கதிரை இருக்கே தங்கச்சி" என்றார் முதலாளி.

"வீட்ல நாங்க கீழதான் உட்காருவோம். இங்கருந்து பாத்தாதானே தெரியும்?"

முதலாளி கொஞ்சம் யோசித்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை ஒதுக்கிக்கொண்டு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரிதான். இத்தனை வருஷமா நின்னுகிட்டே வித்திருக்கேன்" என்றார். அப்புறம் ஒவ்வொரு பலகையையும் உட்கார்ந்த நிலையிலேயே இருவரும் ஆராய்ந்தார்கள். தேநீர் வந்தது; அதையும் தரையிலேயே குடித்தார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவும் உட்கார்ந்தார். கடைசியில் அம்மா தேர்ந்தெடுத்தது, மேல் விளிம்பில் ஒரேயொரு கோடு இழைத்த தேன் நிறப் பலகை.

ஆளுயரத்துக்கு மேல் நீண்ட அந்தப் பலகைக் கட்டைப் பார்த்துக் கண்டக்டர், "இது பஸ்ஸா லொறியா?" என்று கேட்டார். ஆனாலும் ஏற்றிக்கொண்டார். சீட்டுகளுக்கு நடுவே கிடத்தியதும், ஒவ்வொரு வளைவிலும் அது முன்னும் பின்னும் ஓடியது. அம்மா காலால் அழுத்திப் பிடித்தார். முன் சீட்டு அக்காவும் ஒரு கால் கொடுத்தார். பாதி வழியில் ஏழெட்டுப் பேருடைய கால்கள் எங்கள் பலகையின் மேல் இருந்தன. இறங்கும்போது ஒருவர், "சாமி அறைக்கு நல்ல துண்டா போடுங்க" என்று யோசனையும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மரவேலைக்கு வந்த தச்சர், எங்கள் பக்கத்துப் பேச்சில் 'பாஸ்', பலகையை அறுத்து அளவு பார்த்து வைத்தார். அவர் வாய் கொப்பளிக்க வெளியே போன நேரத்தில், அம்மா அவருடைய சுத்தியலை எடுத்தார். நானும் அப்பாவும் பலகையைப் பிடித்துக்கொண்டோம். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது சுவருக்குள் இறங்கியது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவேயில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.

"யாரையும் கேக்கலங்க" என்றார் அப்பாவிடம்.

அப்பா தலையசைத்தார். லயத்து அறையில் ஒரு சன்னல் வைக்கத் தோட்டத்து ஆபீசில் அனுமதி கேட்டுவிட்டு, நான் பிறந்த வருஷத்திலிருந்து அம்மா காத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. சுத்தியலைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"பரவாயில்லம்மா, பாஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று ஆறுதல் சொன்னேன்.