ஜூனா பஜாரில் கிடைத்த ஸ்காட்லாந்து ஓவர்கோட்டு

எங்கள் சாகண் கம்பெனி குளிரைக்கூடப் பதவி பார்த்துத்தான் பங்கு வைக்கிறது. ஜனவரியில் ஸ்காட்லாந்துக்குப் பயிற்சிக்குப் போகும் இன்ஜினியர்களுக்கு ஓவர்கோட்டு உண்டு. கூடவே போகும் ஃபிட்டர் முருகேசனுக்குக் கிடையாது. அதனால்தான் 2006 டிசம்பரில் ஒரு ஞாயிறு, அவனும் நானும் போபோடியிலிருந்து ஜூனா பஜார் என்ற பழைய சாமான் சந்தைக்குக் கிளம்பினோம். ஏழு கிலோமீட்டர், பஸ்ஸில் ஆளுக்கு எட்டு ரூபாய்.

பழைய இரும்புக் கடைகளைத் தாண்டி, ஒரு கம்பளிக் குவியலில் அது கிடந்தது. 'ஸ்காட்லாந்துத் தீவில் கையால் நெய்தது' என்று உள்ளே ஆங்கிலப் பட்டி. தூரத்தில் வெறும் பழுப்பு. கையில் எடுத்தால் பாசி, துரு, ஊதா, நெருப்பு நிறம் எல்லாம் ஒரே நூலுக்குள். இப்படி ஒரு துணியை நான் தொட்டதே இல்லை.

முருகேசன் திருப்பினான். முதுகு நெடுக ஒரே வெட்டு.

"இன்னாபா, கோட்டுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்ணி வச்சிக்கிறான்?"

"கட் கர்கே ஹி ஆத்தா ஹை, பாய்" என்றார் கடைக்காரர். வெட்டித்தான் வருமாம்; வெளிநாட்டுப் பழைய கம்பளியைக் கந்தலாகத்தான் இறக்குமதி செய்ய முடியுமாம். யாரும் உடுத்திவிடக் கூடாதென்று வெட்டிவிடுவார்களாம். ஆனால் வெட்டிய விளிம்பில் ஓர் இழைகூடப் பிரியவில்லை! நூற்றைம்பதுக்கு வாங்கினோம்.

மாலை பிரவுசிங் சென்டரில் தேடிப் படித்தேன். கம்பளி மயிருக்கு முதலில் சாயம் ஏற்றிக் கலந்து, பிறகுதான் நூற்பார்கள். அந்தக் காலத்தில் வீடுவீடாகச் சேர்த்த மூத்திரத்தில் துணியை ஊறவைத்து, பெண்கள் பாடிக்கொண்டே அடித்து இறுக்கினார்கள். அந்த ஊர்த் துரைமார் அதை வேட்டைக்குப் போட்டார்கள். தங்கள் வேலையாட்களுக்கும் எஸ்டேட் அடையாளமாக ட்வீட் என்ற இதே கம்பளியில் உடுப்புத் தைத்துக் கொடுத்தார்கள். மூத்திரக் கதைக்குச் சிரித்த முருகேசன், இதை வாசித்துச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

ஜூனா பஜார் போகிறவர்களுக்கு: புதன், ஞாயிறு மட்டும்தான் கடை. காலையிலேயே போங்கள். கோட்டை வெயிலில் பிடித்து முதுகைப் பாருங்கள்.

அந்தக் கோட்டைத் தைக்க முருகேசன் விடவில்லை. திங்கட்கிழமை அப்படியே பர்சனல் ஆபீசர் மேசையில் விரித்தான். அவர் வானவடியில் குடியிருப்பவர், எங்களைப் போலத் தமிழர்.

"என்னப்பா இது குப்பை?"

"ஸ்காட்லாந்து கோட்டு சார். அந்த ஊரு துரையே வேலைக்காரனுக்கு உடுப்பு குடுத்துக்கிறான்."

"இன்ஜினியர்ஸுக்கு மட்டும்தான் முருகேசன். பாலிசி."

"குளிருக்குத் தெரியுமா சார், நான் ஃபிட்டருன்னு?"

அவர் போனை எடுத்து யாரிடமோ பேசத் தொடங்கினார். முருகேசன் நகரவில்லை.

"பின்னாடி பிளாஸ்டிக் கவர்ல இன்ஜினியருங்க கோட்டு தொங்குதே சார், அதுல ஒண்ணு எனக்குக் குடுங்க."